ஒளிவினையூக்கி

ஒளி, வினை, ஊக்கி சேர்ந்த சொல். வினையை முடுக்கிவிட்டுத் தான் தீராமல் நிற்பது வினையூக்கி. அதற்கு வெளிச்சமும் வேண்டுமென்றால் ஒளிவினையூக்கி. பேர்போனது டைட்டானியம் டை ஆக்சைடு. ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் அதை மின்முனையாக்கி, ஒளியால் தண்ணீரைப் பிரித்ததை வெளியிட்டார்கள்.

இலை மட்கிய குளத்து நீரோ, கதம்பை ஊறிய நீரோ பழுப்பாகத் தெரிந்தால், ஹியூமிக் அமிலம், டானின் போன்றவை கரைந்திருக்கும். குளோரின் கலந்தால் இவற்றிலிருந்து உடம்புக்கு ஆகாத ட்ரைஹாலோமீத்தேன்கள் உண்டாகலாம். குளோரினுக்கு முன்பே இவற்றைச் சிதைக்க முடிவதுதான் ஒளிவினையூக்கியின் அருமை. ஒளி பட்டதும் பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி, கடைசியில் கரியமில வாயுவும் நீருமாக்கும். டைட்டானியம் டை ஆக்சைடின் மூலக்கனிமமான இல்மனைட் மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது. ஆனால் வெயிலில் சிறு பங்கான புற ஊதா ஒளிக்கு மட்டுமே டைட்டானியம் டை ஆக்சைடு மசியும்.