பதினேழு வயதில் ஒரு பெயரை விற்பது

2004 ஜனவரியில் கனடாவின் விக்டோரியா நகரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெடியனுக்கு 25 பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர்கள் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் சட்டத்தரணிகள். பெடியனின் பெயர் மைக் ரோ, வயது 17. சின்னச் சின்ன இணையத்தளங்கள் செய்துகொடுப்பது அவனுடைய பகுதிநேர வேலை. முந்தைய வருட ஓகஸ்டில் தன்னுடைய பெயருக்குப் பின்னால் ‘சொஃப்ட்’ என்று ஒட்டி ஒரு டொட் கொம் முகவரியைப் பதிந்திருந்தான். மைக் ரோ சொஃப்ட். வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் வித்தியாசம் தெரியும், தமிழில் எழுதினால் அதுவும் இல்லை.

இந்தக் கதையை எல்லாரும் பகிடியாகத்தான் சொல்லுவார்கள். பெரிய கொம்பனி பத்து டொலர் தருகிறோம் என்றது, பெடியன் பத்தாயிரம் கேட்டான், ஊடகங்கள் பெடியன் பக்கம் நின்றன, கடைசியில் ஒரு எக்ஸ்பொக்ஸும் சில சலுகைகளும் வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுத்துவிட்டான். கொஞ்சம் கூடுதலாகத்தான் கோபப்பட்டுவிட்டோம் என்று மைக்ரோசொஃப்டும் ஒத்துக்கொண்டது. சுபம்.

எங்களுக்கு அந்தப் பத்து டொலரில்தான் கண் போனது. அது கஞ்சத்தனம் இல்லை. டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்ப்பதற்கு 1999இல் ஐகான் அமைப்பு ஒரு பொதுக் கொள்கையைக் கொண்டுவந்தது. வணிகக் குறியின் சொந்தக்காரருக்கே, பதிவதற்குச் செலவான காசை விடக் கூடிய விலைக்கு விற்கிற நோக்கத்தோடு ஒருவர் பெயரைப் பதிந்திருந்தால், அது கெட்ட நோக்கத்துக்கு அத்தாட்சி என்று அதில் இருக்கிறது. கைச்செலவு பத்து டொலர். அதை மட்டும் தருகிறோம் என்று சொன்னவர்களுக்கு அந்த வரி மனப்பாடம். பத்து டொலர் என்றதும் கோபம் வந்துதான் பத்தாயிரம் கேட்டேன் என்று மைக் ரோ பிறகு சொன்னான். கோபத்தில் கேட்ட அந்தத் தொகை அடுத்த கடிதத்தில் அவனுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. அவன் இருந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பராயமடையும் வயது 19. சட்டத்தின் கண்ணில் அவன் இன்னும் பிள்ளை. பேரம் பேச மட்டும் வளர்ந்த ஆள்.

அப்ப 17 வயதுப் பெடியன் ஒரு பெயரை விற்க ஏலுமா, ஏலாதா? இதற்குப் பதில் சொல்ல நாங்கள் கணினியை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் பராய வயது 21. கவசத்தின் பாரத்தைத் தாங்கிக் குதிரையில் இருந்து சண்டை பிடிக்கக்கூடிய வயது அது என்பதால்தான் அந்த எண் வந்தது என்று சட்ட வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. கவசம் போய்ப் பல நூறு வருடங்களுக்குப் பிறகும் அந்த 21 அசையவில்லை. 1969இல்தான் இங்கிலாந்து அதை 18 ஆக்கச் சட்டம் செய்தது. இலங்கையில் 1989இல் 21 பதினெட்டு ஆனது. ஜப்பானில் 20 பதினெட்டானது 2022 ஏப்ரலில். நியூசிலாந்தில் இன்றைக்கும் 20. ஆக, டொமைன் விற்கிற தளங்களில் ‘எனக்கு 18 வயது பூர்த்தியாகிவிட்டது’ என்று நாங்கள் சரி போடுகிற அந்தப் பெட்டிக்குப் பின்னால் உலகத்துக்கே பொதுவான ஞானம் எதுவும் கிடையாது.

அந்தப் பெட்டி எங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது அங்கே இருப்பது மற்றப் பக்கத்தில் நிற்கிறவருடைய பயத்தால். 1914இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஷீல் என்ற இளைஞன் தனக்குப் பராய வயது வந்துவிட்டது என்று பொய் சொல்லி, வட்டிக்குக் கொடுக்கிற ஒரு நிறுவனத்திடம் 400 பவுண்ட் வாங்கிவிட்டான். பொய் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் நீதிமன்றம் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. கொடு என்று சொன்னால், செல்லாத கடன் ஒப்பந்தத்தைப் பின்கதவால் செல்லுபடியாக்கியது போலாகிவிடும் என்பது நீதிபதிகளின் நியாயம். அதற்கு முன்னம், 1895இல் கல்கத்தாவில், தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞன் 20,000 ரூபாய்க்குத் தன் சொத்தை ஈடு வைத்தான். தான் பராயமடைந்தவன் என்று அவனிடம் எழுத்திலேயே உறுதிமொழி வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாள்தான் இன்றைய ‘சரி’ப் பெட்டியின் பாட்டன். 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த ஈடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டது.

ஆக, பராயமடையாதவரோடு ஒப்பந்தம் செய்கிறவருக்குத்தான் நித்திரை இல்லை. இன்றைக்கு விற்றுவிட்டு நாளைக்கு ‘எனக்கு அப்ப பதினேழு’ என்று வந்து நின்றால் என்ன செய்வது? 1999இல் நியூ ஜேர்சியில் ஒரு 13 வயதுப் பெடியன் ஈபே ஏலத்தில் மொத்தம் மூன்று மில்லியன் டொலருக்கு மேல் விலை கேட்டுவைத்தான். ஒருவருக்கும் ஒரு சதமும் கிடைக்கவில்லை. முகம் தெரியாத சந்தையில் வயது என்பது, எதிராளியைப் பிறகு பிடித்து நிறுத்த முடியுமா என்ற கேள்வியின் இன்னொரு பெயர்.

ஆனால் இதெல்லாம் ஒப்பந்தம் பற்றிய சட்டம். சொத்து வேறு. பத்து வயதுப் பிள்ளையின் பெயரில் காணி உறுதி எழுதுவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். பிள்ளை காணிக்குச் சொந்தக்காரராய் இருக்கலாம், அதை விற்பதற்குத்தான் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அப்ப டொமைன் பெயர் காணி மாதிரியா, இல்லை மாதாமாதம் காசு கட்டுகிற தொலைபேசி இணைப்பு மாதிரியா? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் மூன்று வருட இடைவெளியில் இரண்டு பதில் சொல்லின. 2000இல் வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம், அது ஒரு சேவை ஒப்பந்தத்தின் விளைவு மட்டும்தான், கடன்காரர் அதைப் பறிமுதல் செய்ய முடியாது என்றது. 2003இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், இல்லை, அது சொத்து என்றது.

இரண்டாவது வழக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேணும். வாங்குகிறவரின் நம்பிக்கை என்ற விசயம் இந்தத் தொழிலில் எங்கே உடைந்தது என்பது அதில்தான் கிடக்கிறது. கேரி கிரெமன் 1994இல் செக்ஸ்.கொம் என்ற பெயரைப் பதிந்தார். அந்த நேரம் பதிவுக்குக் காசில்லை. இரண்டு வருடத்துக்கு 100 டொலர் என்ற கட்டணம் 1995இல்தான் வந்தது. ஸ்டீபன் கோஹன் என்ற மோசடிக்காரர், வங்குரோத்துச் சட்டத்தரணி போல ஆள்மாறாட்டம் செய்ததற்காக மறியலில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அவர் பதிவு நிறுவனத்துக்கு ஒரு பொய்க் கடிதத்தைக் கொடுத்தார். கிரெமனின் நிறுவனம் கிரெமனை வேலையால் நிற்பாட்டிவிட்டது, பெயரை எனக்குத் தருகிறது என்பது சாரம். அந்த நிறுவனத்தின் பெயர் ‘ஒன்லைன் கிளாஸிஃபைட்ஸ்’. தங்களிடம் இணைய இணைப்பு இல்லாததால் கடிதம் மூலம் அறிவிக்கிறோம் என்றும் அதில் எழுதியிருந்தது! ஒருவரும் கிரெமனுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்கவில்லை. பெயர் கைமாறியது.

2001இல் கோஹன் 65 மில்லியன் டொலர் கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. ஆள் மெக்சிகோவுக்கு ஓடி, 2005இல்தான் பிடிபட்டார். பதிவு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வந்த நியாயம்தான் எங்களுக்கு முக்கியம். கிரெமன் காசு எதுவும் கொடுக்காதபடியால் ஒப்பந்தமே இல்லை என்றார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பெயர் அவருடைய சொத்து, அதை வேறு ஆளுக்குத் தூக்கிக் கொடுத்ததற்குப் பொறுப்புச் சொல்லவேண்டும் என்று தீர்த்தது. வயதைப் பற்றி அந்தத் தீர்ப்பில் பேச்சில்லை. ஆனாலும் ஒப்பந்தம் இல்லாமலே ஒருவர் பெயருக்குச் சொந்தக்காரராக இருக்கலாம் என்றால், பதினேழு வயதுப் பெடியனும் இருக்கலாம் என்றுதான் நாங்கள் அதை வாசிக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோஹன் நல்ல வளர்ந்த மனிசன். 2006இல் நியூ ஜேர்சியில் பி2பி.கொம் பெயரைத் திருடி, ஈபேயில் ஒரு என்பிஏ கூடைப்பந்து வீரருக்கு 111,000 டொலருக்கு விற்றவரும் பராயமடைந்தவர்தான். 2009இல் பிடித்து, 2011இல் ஐந்து வருட மறியல் கொடுத்தார்கள். வாங்கியவர் காசு கொடுத்து வாங்கினது களவுச் சாமான். இந்த இரண்டு கதையிலும் 18 என்ற கோடு ஒருவரையும் காப்பாற்றவில்லை.

காப்பாற்றியது வேறு. அமெரிக்காவில் காணி வீடு விற்கும்போது, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிற ஒருவரிடம் காசைக் கட்டிவைக்கிற பழக்கம் இருக்கிறது. எஸ்க்ரோ என்பார்கள். உரிமைக் காப்புறுதி செய்கிற ஒரு பெரிய நிறுவனம் 1999இல் எஸ்க்ரோ.கொம் என்று அதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. வாங்குகிறவர் காசை நடு ஆளிடம் கட்டுவார், விற்கிறவர் பெயரை மாற்றிக் கொடுப்பார், பெயர் தன் கைக்கு வந்தது என்று வாங்கினவர் சொன்ன பிறகுதான் காசு போகும். அதோடு, பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக இரகசியக் குறியீடு வேண்டும் என்றும், புதிதாய்ப் பதிந்த பெயரை 60 நாளுக்கு நகர்த்த முடியாது என்றும் பூட்டுகள் வந்தன. இவை ஒன்றுக்கும் உங்கள் வயது தேவையில்லை. ஆனாலும் எஸ்க்ரோவின் வாசலிலும் 18 என்று பலகை தொங்குகிறது, ஏனென்றால் நடு ஆளும் உங்களோடு ஒப்பந்தம்தானே செய்கிறார்.

அதனால் எங்கட ஆக்கள் செய்வது தெரிந்ததுதான். கனடாவில் இருக்கிற மாமாவின் கடனட்டை, இல்லாவிட்டால் அண்ணாவின் கணக்கு. சஞ்சிகை நாங்கள் நடத்துவோம், பெயர் அவர்களின் பெயரில் கிடக்கும். ஐகான் பதிவு நிறுவனங்களோடு செய்திருக்கிற உடன்படிக்கையின்படி, பெயரைப் பாவிக்க இன்னொருவருக்கு விட்டாலும், பதிவில் இருக்கிறவரே பெயரின் உரிமையாளர். காணி உறுதி மாதிரியேதான். மாமாவோடு கோபம் வந்தால், அல்லது மாமா அந்த மின்னஞ்சலை மறந்துவிட்டால், நாலு வருட உழைப்பு ஒரு புதுப்பித்தல் அறிவித்தலில் போய்விடும்.

18 ஆனவுடன் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2016 டிசம்பரில் ஐகான் கொண்டுவந்த விதியின்படி, பதிவாளரின் பெயரை மாற்றினாலும் 60 நாள் பூட்டு விழும், பதிவு நிறுவனம் விலக்குத் தந்தால் ஒழிய. ஆகவே வாங்குகிறவர் காசோடு வந்து நிற்கேக்க மாற்றப் போகாதீர்கள். பிறந்தநாள் கிழமையிலேயே மாமாவுக்கு ஒரு செய்தி போடுங்கள்.