காமர்ஸ்பாங்க் கோபுரம்

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1997இல் கட்டி முடிக்கப்பட்ட 56 மாடி அலுவலகக் கட்டடம். உயரம் 259 மீட்டர். வடிவமைத்தவர் பிரிட்டனின் நார்மன் ஃபாஸ்டர். உயர்மாடிக் கட்டடங்களில் லிஃப்ட்டும் படிக்கட்டும் வழக்கமாக நடுவில் இருக்கும். இங்கே அவற்றை முக்கோணத் தரைத்திட்டத்தின் மூலைகளுக்குத் தள்ளியதால், நடுப்பகுதி நெடிதுயர்ந்த முற்றமாயிற்று. அதைச் சுற்றி, ஒவ்வொன்றும் நான்கு மாடி உயரமுள்ள ஒன்பது தோட்டங்கள் பக்கம் மாறிமாறிச் சுருளாக ஏறுகின்றன. கிழக்கில் ஆசியத் தாவரங்கள், தெற்கில் மத்தியதரைக்கடல் பகுதிச் செடிகள், மேற்கில் வட அமெரிக்க வகைகள். முற்றத்தைப் பார்த்த அறைகளுக்கும் இத்தோட்டங்களின் வழியே வெளிச்சம் கிடைக்கிறது. இத்தனை உயரத்திலும் சன்னலைத் திறந்து காற்று வாங்கலாம் என்பதே இதன் தலையாய சிறப்பு. பணியாளரை மனத்தில் வைத்துக் கட்டிய கட்டடம் இது. 2003 வரை ஐரோப்பாவின் மிக உயரமான கட்டடமாகவும் இருந்தது.