கல்லோடு இடத்தையும் குறித்தவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படைவீரர் அணிவகுக்கும் திடலை ஒட்டிச் சரளை வெட்டிய குழி ஒன்று இருந்தது. அதிலிருந்து வெளியே கொட்டப்பட்டுக் கிடந்த கற்களிடையே ஒரு கல், அவ்வழியே வந்த இருபத்தெட்டு வயது ஆங்கிலேயர் ஒருவரின் கண்ணில் பட்டது. இரு புறமும் செதுக்கப்பட்டு, ஒரு முனை கூராக்கப்பட்டிருந்த அக்கல், இயற்கை உடைத்த கல்லன்று. மனிதன் வடித்த கருவி. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் வரலாறு அந்தச் சரளைக் குழியின் ஓரத்தில்தான் தொடங்குகிறது எனலாம்.

அக்கல்லை இனங்கண்ட இராபர்ட் புரூஸ் ஃபூட், தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். 1834இல் இங்கிலாந்தில் பிறந்து, 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். பாறைகளின் அடுக்கையும் கனிமங்களின் இருப்பையும் ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை தருவதே அவருடைய கடமை. ஆண்டுதோறும் வெயில் தணிந்த மாதங்களில் கூடாரத்துடன் புறப்பட்டுக் குதிரையேறியும் கால்நடையாகவும் தென்னாட்டின் கரடுகளையும் ஆற்றுப்படுகைகளையும் அவர் அளந்தார். முப்பத்துமூன்று ஆண்டுகள் நீண்ட அந்த வெளிவாழ்க்கையே அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது.

பல்லாவரத்தில் கிடைத்தது ஒரே ஒரு கல். அதை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் தொன்மையை நிறுவிவிட முடியாது. அழிந்துபட்ட விலங்குகளின் காலத்திலேயே மனிதன் வாழ்ந்தான் என்னும் கருத்து ஐரோப்பிய அறிஞரிடையே ஏற்கப்பட்டதே 1859ஆம் ஆண்டளவில்தான். எனவே ஃபூட் தேடலைத் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், கொற்றலையாற்றின் வடிநிலத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தார். இக்கண்டுபிடிப்புகளைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 1866இல் சென்னையில் வெளிவந்தது.

பழம்பொருள் சேகரித்தோர் அந்நாளில் பலர் இருந்தனர். ஃபூட் அவர்களினின்று வேறுபடுவது ஒரு பழக்கத்தால். எந்தக் கல் எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எந்த மேட்டில் கிடைத்தது என்பதை அவர் தவறாது குறித்து வைத்தார். சாயர்புரத்துத் தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவியானாலும், பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகளில் கிடைத்த கோடரியானாலும் அவருக்கு இடமே முதற்சான்று. அச்சாம்பல் மேடுகள் ஆநிரைச் சாணம் எரிந்து குவிந்தவை என்று அவர் கருதியதை, 1957இல் உட்னூரில் நிகழ்ந்த அகழாய்வு உறுதி செய்தது.

அவருடைய குடும்பத்தைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தவர் ஃபூட். மாமனார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கினார். மருமகனோ அம்மொழி பிறப்பதற்கும் முந்திய மனிதரின் கற்களைத் திரட்டினார். கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளைத் தோண்ட நேர்ந்தபோது, படையதிகாரியாக இருந்த மகன் ஹென்றி அப்பணியை ஏற்றுப் பல மாதங்கள் உழைத்தார். அதன் முடிவுகளை எழுதி வெளியிட்ட தந்தை, கட்டுரைத் தலைப்பிலேயே மகனின் பெயரைப் பொறித்தார். உழைத்தவருக்கே உரிமை என்னும் நேர்மை தம் வீட்டுக்கும் பொருந்தும் என அவர் கருதினார் போலும்.

1891இல் ஓய்வு பெற்ற பின்னரும் பரோடா, மைசூர் அரசுகளுக்காக அவர் கள ஆய்வு செய்தார். வாழ்வின் பிற்பகுதியில் ஏற்காட்டு மலை அவருக்கு இல்லமாயிற்று. அவர் திரட்டிய கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்குப் பெற்றது. அதனால் அத்தொகுதி கடல் கடந்து செல்லாமல், அவை கிடைத்த மண்ணிலேயே தங்கியது. அத்தொகுதிக்கு அவர் எழுதிய விளக்க நூல்கள் 1914, 1916ஆம் ஆண்டுகளில் அச்சேறின. அவற்றைக் காண அவர் இல்லை. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் காலமான அவரது அஸ்தி, ஏற்காட்டுத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஃபூட் அயலாட்சியின் ஊழியர். அவர் தீட்டிய நிலவியல் படங்கள் அவ்வாட்சிக்கும் பயன்பட்டன. அதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அவர் குறித்து வைத்த இடங்கள் ஆட்சியைக் கடந்து நின்றன. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் மீண்டும் அகழ்ந்து, அங்குள்ள தொன்மையான கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் அறிவித்தனர். ஃபூட் காலத்தில் அவ்வாறு கணக்கிடும் கருவிகள் இல்லை. அவர் கல்லின் வயதை அறியாமலே மறைந்தார். ஆயினும் எங்கே தோண்ட வேண்டும் என்பதை அவர் எழுதி வைத்துச் சென்றிருந்தார். இடமறியாக் கல் வெறும் கல். இடமறிந்த கல்லே வரலாறு.