பீஸ் ஆற்றுச் சுறாப்பற்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 170 கி.மீ. ஓடிக் கடற்கழியில் கலக்கும் பீஸ் ஆறு, புதைபடிவச் சுறாப்பற்களுக்குப் பேர்பெற்றது. வாச்சூலா, ஆர்கேடியா ஆகிய ஊர்களை ஒட்டிய ஆழமற்ற பகுதிகளில், நீர் வற்றும் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் ஆட்கள் ஆற்றில் இறங்கி, சரளையை மண்வாரியால் அள்ளிச் சல்லடையில் அலசிப் பல் பொறுக்குகிறார்கள். அரசுக்குச் சொந்தமான நிலத்தில் முதுகெலும்பு விலங்குகளின் புதைபடிவங்களை எடுக்க ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும்; சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு. சுறாவும் முதுகெலும்பிதான் என்பதால் இது முரணாகத் தோன்றலாம். ஆனால் சுறாவின் உடலமைப்பையும் ஆற்றின் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த விலக்கு நியாயமானதே.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. இறந்தபின் அது பெரும்பாலும் அழுகிப் போய்விடும். பல்லோ கடினமான பாஸ்பேட் கனிமத்தால் ஆனது. அது விழ விழப் பின்வரிசைப் பல் முன்னால் வரும். ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். இன்றைய மத்திய ஃபுளோரிடாவைக் கடல் மூடியிருந்த மையோசீன் காலத்தில் இப்படி உதிர்ந்தவை பாஸ்பேட் மிகுந்த வண்டலில் புதைந்தன. 1881இல் இவ்வாற்றுப் படுகையில் பாஸ்பேட் கூழாங்கற்கள் கண்டறியப்பட்டு, பின்னர் அவற்றைத் தோண்டும் தொழிலே இங்கு எழுந்தது. அந்தப் பழைய அடுக்குகளை ஆறு அரித்து, கனமானவற்றைச் சரளைத் திட்டுகளில் சேர்க்கிறது. ஆகவே, ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன மெகலோடான் சுறாவின் பல்லும், பனியூழிக் கால மாமூத்தின் பல்லும், ஆவுளியா இனத்தின் விலா எலும்பும் ஒரே சல்லடையில் கிடைக்கின்றன. அவை பக்கம் பக்கமாகக் கிடப்பதால் ஒரே காலத்தில் வாழ்ந்தவை என்று முடிவுகட்ட முடியாது. நிறமும் வயதைச் சொல்லாது: பல் கறுப்பாவதும் பழுப்பாவதும் புதைந்த வண்டலின் கனிமங்களைப் பொறுத்தது. பல்லின் வடிவம் மட்டுமே மிஞ்சும் சான்று. விளிம்பில் நுண்ணிய அரம் போன்ற வெட்டுகள் இருந்தால் மெகலோடான் போன்ற சுறா, விளிம்பு வழவழப்பாக இருந்தால் மேக்கோ போன்ற சுறா என ஓரளவு இனம் பிரிக்கலாம்.

இந்த விலக்கு நியாயமானது என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பனாமாவின் காட்டூன் பாறையடுக்கில், சுமார் 1 கோடி ஆண்டு பழமையான மெகலோடான் பற்கள் பல சிறியவையாக இருப்பதைக் கொண்டு, அது குட்டிகள் வளர்ந்த ஆழமற்ற கடற்பகுதி என்று 2010இல் ஆய்வாளர்கள் வாதிட்டனர். தனிப் பல்லும் பெரிய செய்தி சொல்லும் என்பதற்கு இது சான்றுதானே? உண்மைதான், ஆனால் அந்த வாதம் நிற்பது பல்லின் மேல் மட்டுமல்ல, அது கிடந்த அடுக்கின் மேலும்தான். பீஸ் ஆற்றுச் சரளையில் அந்த இரண்டாவது சான்றை ஆறே அழித்துவிட்டது. பொறுக்குபவர் புதிதாக இழக்கச் செய்வது சொற்பம். எடுக்காமல் விட்டாலும் வெள்ளம் பல்லை உருட்டித் தேய்த்துக்கொண்டேதான் இருக்கும். அரிய இனத்தின் பல் விற்பனைக்குப் போய்விடுமே என்ற கவலை இதைவிட நியாயமானது. அதற்கு முழுமையான விடை சட்டத்தில் இல்லை. மற்ற எலும்புகளுக்கான அனுமதிச்சீட்டு வைத்திருப்பவர், கிடைத்தவற்றை அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சுறாப்பல்லுக்கு அந்தக் கடமை இல்லை, பொறுக்குபவரின் நல்லெண்ணம் மட்டுமே உண்டு. ஆற்றங்கரை வேறு விஷயம். அங்கே அடுக்கு இன்னும் குலையாமல் இருக்கக்கூடும். தோண்டினால் கரையும் சரியும். உதிர்ந்து கிடக்கும் சரளைக்குச் சொன்ன நியாயம் கரையை வெட்டி எடுக்கும் பல்லுக்குச் செல்லாது.