சம்பூர்ப் பகுதி வேடர் ஊர்களில் சமூக சுகாதாரப் பணியாளர்

சம்பூர், கொட்டியாரக் குடாவின் தென்கிழக்குக் கரையில், திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்த ஊர். அதை அண்டியும் அதற்குத் தெற்கே கடலோரமாகவும் இளக்கந்தை, நல்லூர், பாட்டாளிபுரம், சந்தோசபுரம், சீனன்வெளி, உப்பூறல் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. இங்கே கரையோர வேடர் குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்கள் பேசுவது தமிழ். களப்பில் மீன்பிடிப்பது, காட்டில் தேனும் கிழங்கும் எடுப்பது, விறகு வெட்டுவது, கூலிக்குப் போவது ஆகியவை இவர்களின் பிழைப்பு. மகியங்கனைப் பக்கத்து வேடரைப் பற்றி நாடறியும். கடலோர வேடரோ அரச பதிவுகளில் பெரும்பாலும் தமிழர் என்றே சேர்ந்துவிடுவதால், அவர்களின் தேவைகளும் தனியே தெரிவதில்லை.

தான் வாழும் ஊரிலேயே பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பவர் சமூக சுகாதாரப் பணியாளர். நோய் முற்றுமுன் கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பதும் அவர் வேலை. இலங்கையில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர் குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் அவரை ‘மிட்வைஃப்’ என்பார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது இந்த அமைப்பு. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. பயிற்சி ஒன்றரை ஆண்டு, பாடசாலையிலும் களத்திலுமாக நடக்கிறது. 1930களில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில் இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. வைத்தியசாலைகளும் மலேரியா ஒழிப்பும் பெண்களின் கல்வியும் இதில் சேர்ந்து உழைத்தன. எனினும் கிராமத்துப் படலையைத் திறந்து உள்ளே போனவர் மிட்வைஃப்தான். அந்தப் பெருமை அவருக்கு முழுதாகக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

சம்பூரில் இந்த வலை ஒருமுறை அறுந்தது. உள்நாட்டுப் போரின்போது, 2006 ஏப்ரலில், குண்டுவீச்சுக்குத் தப்பி மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புப் பக்கம் ஓடினார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. இடையில், ஆகஸ்ட் 4ஆம் திகதி, மூதூரில் பிரெஞ்சு நிறுவனமான பட்டினிக்கெதிரான அமைப்பின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். குடிநீர், சுகாதாரம் போன்ற வேலைகளுக்காக வந்தவர்கள் அவர்கள். அந்தக் கொலைக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. அதன்பின் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று, அனல்மின் நிலையத்துக்கு ஒதுக்கிய இடமுமாயிற்று. கிளிவெட்டி, கட்டைபறிச்சான் போன்ற இடங்களின் முகாம்களில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 2015இலிருந்து காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆட்கள் திரும்பினாலும் குழந்தையின் நிறை அட்டையும் தாயின் கர்ப்பகாலப் பதிவும் எத்தனையோ இடங்களில் சிதறிப் போயிருந்தன. ஒரு பணியாளர் வீடுகளை மீண்டும் எண்ணிப் பதிவேட்டை முதலிலிருந்து எழுதவேண்டும். மீள்குடியேற்றத்தில் யாரும் பேசாத பெரிய வேலை அது.

வேடர் ஊர்களில் இன்னும் சில தடைகள் உண்டு. பெரிய சிகிச்சைக்கு முதலில் மூதூர் ஆதார வைத்தியசாலை; அதற்கு மேல் திருகோணமலை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழி இலகுவாயிற்று. ஆனாலும் காட்டோர வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு வருவதே இரவில் பெரும்பாடு. புடையன் பாம்பு கடித்தவருக்கு அந்த நேரம்தான் உயிர். இளவயதில் திருமணமும் கர்ப்பமும், இரத்தச்சோகை, குழந்தைகளின் நிறைக்குறைவு ஆகியவை தொடர்ந்து பார்க்கவேண்டியவை. காய்ச்சல் கண்டதும் முதலில் தெய்வம் ஏறுபவரிடம் போகும் வழக்கமும் உண்டு. அதை மூடநம்பிக்கை என்று ஏசிவிட்டுப் போகும் உத்தியோகத்தருக்கு அடுத்த முறை அந்த வீட்டில் பாய் விரிக்கமாட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்த பெண் என்றால், “சடங்கைச் செய்யுங்கோ மாமி, பிள்ளையை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்” என்று சொல்ல முடியும்.

அப்படி ஊர்ப்பெண்ணையே பணியாளராக்கும் வழிக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1987இல் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிவாசிகளிடையே சுகாதார வேலை தொடங்கிற்று. முதலில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றினார்கள். வைத்தியசாலை 1990இல்தான் வந்தது. தாதியர் சான்றிதழோடு ஆதிவாசிப் பெண்கள் கிடைக்காதபோது, குறைந்த பள்ளிப்படிப்புள்ள பெண்களை எடுத்து அங்கேயே தாதியராக்கினார்கள். மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் சில ஆண்டுகளே பள்ளிக்குப் போன கிராமப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்பித்தார்கள். தொற்று கண்டால் ஊசி போடவும் அவர்கள் பழகினார்கள். 1999இல் வெளியான அவர்களின் ஆய்வு, பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

இலங்கையில் இதற்கு நேர்மாறான தடை ஒன்று உண்டு. குடும்பநல உத்தியோகத்தராகத் தேவையான கல்வித் தகுதியை வேடர் ஊர்ப் பெண்பிள்ளைகள் எட்டுவது அரிது. சாதாரணதரத்துக்கு முன்னரே படிப்பை விடுபவர் பலர். தகுதியைத் தளர்த்துவதைவிட, அவர்களுக்கென உதவியாளர் பதவி ஒன்றை உண்டாக்கி, மிட்வைஃபின் கீழ் வேலை செய்தபடியே படிப்பைத் தொடரவைப்பது நல்ல வழி.

பயிற்சி கொடுத்துவிட்டு விட்டுவிடுவது பயனற்றது என்பதற்கும் நாட்டில் அனுபவம் உண்டு. 1970களில் சுகாதார அமைச்சு ஊர்தோறும் இளந்தொண்டர்களைச் சேர்த்தது. ஊதியமில்லாததால் வேலை கிடைத்ததும் திருமணமானதும் பலர் விலகினார்கள். போர்க்காலத்தில் வட மாகாணத்தில் உழைத்த சுகாதாரத் தொண்டர்கள், போர் முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் அமர்ந்தார்கள். ஆகவே ஆதரவு என்றால் மாதச் சம்பளமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மாதந்தோறும் பதிவேட்டை வைத்துப் பேசும் கூட்டமும் அதில் அடங்கும். நிறுவைத் தராசு, இரத்த அழுத்தமானி, திரிபோஷா சத்துணவுப் பொதிகள் தட்டின்றிக் கிடைக்கவேண்டும். நள்ளிரவில் எடுத்தால் பதில் சொல்லும் வைத்தியரின் தொலைபேசி எண்ணும் வேண்டும். அலாஸ்காவின் பூர்வகுடிக் கிராமங்களில் 1960களிலிருந்தே ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் தொலைவிலுள்ள மருத்துவரோடு வானொலியில் பேசி மருந்து கொடுத்தார்கள். இன்று பாட்டாளிபுரத்திலிருந்து மூதூருக்குக் கைபேசி போதும். அழைப்பை எடுக்கும் கடமையை ஒருவர் பெயருக்கு எழுதி வைப்பதுதான் மீதி வேலை.