பதிவேட்டின் முதற்பெயர்: கிளாரிந்தாவும் நம் சபைப் பெண்களும்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களின் பெயர்களையே வரிசைப்படுத்துகின்றனர். இன்ன ஆண்டில் இன்ன அருட்பணியாளர் வந்தார், இன்னார் அருட்பொழிவு பெற்றார், இன்னார் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார் என்று வரலாறு செல்லும். அவர் வருவதற்கு முன் அந்தச் சபையைக் கூட்டி வைத்திருந்தவர் யார், அவர் சென்ற பின் விளக்கு அணையாமல் காத்தவர் யார் என்னும் வினாவை நாம் எளிதில் கேட்பதில்லை. அவ்வினாவை நமக்குக் கற்பித்தது இறையியற் கல்லூரியன்று. செய்யூர்ப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர்ச் சபை.

மதுராந்தகத்திற்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டி அமைந்தது செய்யூர் வட்டாரம். ஒருபுறம் நெல் வயல், மறுபுறம் உப்பளம். இங்கே ஓர் ஆயரின் பொறுப்பில் பல சபைகள் இருக்கும். நாம் அங்குப் பொறுப்பேற்றிருந்த நாட்களில், மாதத்திற்கு ஒருமுறைதான் அச்சிற்றூருக்குச் சென்று திருவிருந்து நடத்த இயன்றது. மற்ற ஞாயிறுகளில் ஆராதனை தடைப்படவில்லை. காலையில் உப்பு வாரி, கூடையிற் சுமந்து கரையில் குவித்துவிட்டு வரும் ஒரு விதவைத் தாயார், மாலையில் மணியடித்துச் சபையைக் கூட்டுவார். திருமறையை வாசிக்கப் பள்ளிச் சிறுமியை நிறுத்துவார். பின்னர்த் தாமே எழுந்து விளக்கம் சொல்லி மன்றாடுவார். நோயுற்றோரின் வீடுகளுக்கும் அவரே செல்வார். துக்க வீட்டில் முதலிற் கேட்கும் மன்றாட்டுக் குரலும் அவருடையதே.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமொன்றில் அவர் நம்மைப் பார்த்து, "ஐயா, பொம்பளைங்க சபை நடத்துனதா வரலாறு இருக்குதா? இல்ல, ஆம்பளை ஆள் கெடைக்காததால நாங்க நடத்துறோமா?" என்று கேட்டார். "இருக்கிறது அம்மா, அடுத்த முறை சொல்கிறேன்" என்று கூறி வந்தோம். அன்று சொல்ல வேண்டியதை முழுமையாகச் சொல்லும் ஆயத்தம் நம்மிடம் இல்லை. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

தமிழகத்துப் பெரிய சபைகளுள் ஒன்றாகிய திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாளையங்கோட்டை ஒரு கோட்டை நகரம். ஆங்கிலேயப் படைப்பிரிவு அங்கே தங்கியிருந்தது. தரங்கம்பாடியிலும் திருச்சியிலும் தஞ்சையிலும் உழைத்த சுவார்ட்ஸ் ஐயரின் 1771ஆம் ஆண்டுக் குறிப்புகளில், சவரிமுத்து என்னும் கிறிஸ்தவர் பாளையங்கோட்டையிலுள்ளோருக்குத் திருமறை வாசித்துக் காட்டிய செய்தி காணப்படுகிறது. விதை விழுந்திருந்தது, ஆனால் சபை என்று சொல்லத்தக்க கூட்டம் இன்னும் உருவாகவில்லை.

அக்கூட்டத்தை உருவாக்கியவர் தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் குலத்து விதவை ஒருவர். கோகிலா என்பது அவருடைய இயற்பெயர் என்பர். கணவனின் சிதையில் ஏற்றப்பட இருந்த அவரை லிற்றில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி மீட்டார் என மரபு கூறும். அவ்வதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்த காலத்தில் அவர் ஆங்கிலமும் கிறிஸ்தவ நெறியும் கற்றார். அவருடன் பாளையங்கோட்டைக்கு வந்தார். திருமுழுக்கு வேண்டுமென்று சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டார். திருமணமின்றி அவ்வதிகாரியோடு வாழ்ந்ததைக் காரணங்காட்டி ஐயர் மறுத்துவிட்டார்.

இம்மறுப்பைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டும். சபையின் ஒழுங்கைக் காப்பது போதகரின் கடமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வாழ்க்கையில் இருவர் பங்கேற்றிருந்தனர். திருமணம் செய்துகொள்ளும் உரிமையும் வசதியும் யாரிடம் இருந்தன? பிறப்பால் கிறிஸ்தவராகிய அதிகாரியிடம். வாசலில் காத்து நின்றது யார்? தன் இனத்தாருக்குத் திரும்பிச் செல்ல வழியற்ற விதவை. ஒழுங்கின் பாரம் எளியவர் தோளிலேயே முதலில் இறங்குகிறது என்பதற்கு இது நம் சபை வரலாற்றின் பழைய சான்று. சுவார்ட்ஸ் ஐயரிடத்தில் நாம் கொண்டுள்ள மதிப்பு பெரிது. அம்மதிப்பு இதைக் காணாதபடி நம் கண்ணை மறைக்கக் கூடாது.

அதிகாரி இறந்த பின்பு, 1778ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் அவ்வம்மையாருக்குத் திருமுழுக்கு அளித்து, கிளாரிந்தா என்று பெயரிட்டார். மறுக்கப்பட்டவர் மனக்கசப்புடன் ஒதுங்கியிருக்கலாம். அவரோ, தம்மைக் காத்திருக்க வைத்த சபையையே கட்டியெழுப்பத் தொடங்கினார். இதுவே கிளாரிந்தாவின் ஆவிக்குரிய உயரம்.

1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு எழுதப்பட்டது. அதில் நாற்பது பேர் உள்ளனர். அவர்கள் ஒரே சாதியினர் அல்லர். பல்வேறு சாதிகளினின்று வந்தவர்கள். அந்த நாற்பது பெயர்களுள் முதற்பெயர் கிளாரிந்தா. அருட்பொழிவு பெற்றவர் எவரும் அன்று அவ்வூரில் தங்கியிருக்கவில்லை. சாதிகள் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்த அக்காலத்தில், பிராமணக் குலத்தில் பிறந்த ஒரு பெண், மற்றவர்களோடு ஒரே ஏட்டில் தம் பெயரை எழுத இசைந்தார். மற்றவர்களும் ஒரு பெண்ணின் பெயர் தங்களுக்கு முன்னே நிற்க இசைந்தனர். எந்த இசைவு அரியது என்று சொல்வது கடினம்.

அவர் முயற்சியால் கோட்டைக்குள் ஆலயம் எழுந்தது. ஆங்கிலேயர் சிலரும் உதவினர். 1785ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஆவணங்கள் அதை எப்பெயரால் குறித்தாலும், மக்கள் நாவில் அது 'பாப்பாத்தியம்மாள் கோவில்' ஆயிற்று. அவர் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் கிணற்றுக்கும் அவ்வாறே பெயர் வழங்கியது. கட்டினவர் யார், தண்ணீர் தந்தவர் யார் என்பதை ஏடுகள் மறந்தாலும் மக்கள் மறக்கவில்லை. அதே 1785ஆம் ஆண்டிலேதான் அப்பகுதிச் சிறுவனாகிய வேதநாயகத்தைச் சுவார்ட்ஸ் ஐயர் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அச்சிறுவனே பிற்காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவ உலகம் போற்றும் வேதநாயக சாஸ்திரியார்.

ஆலயம் எழுந்ததோடு கிளாரிந்தா அமைதியடையவில்லை. சபைக்கு நிலையான மேய்ப்பர் வேண்டுமென்று தஞ்சைக்கு வேண்டுகோள் விடுத்தார். உபதேசியார் சத்தியநாதன் 1790ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தஞ்சையில் அருட்பொழிவு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1778க்கும் 1790க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். எப்போதோ ஒருமுறை வரும் அருட்பணியாளர், உடனுழைக்கும் உபதேசியார்கள், நடுவே சபையைத் தாங்கி நின்ற ஒரு பெண். திருவிருந்து நடத்தும் உரிமை அவருக்கு இல்லை. ஆயினும் திருவிருந்திற்கு வருவதற்கு ஒரு சபை அங்கே இருந்ததற்கு அவரே காரணமாக இருந்தார். 1806ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அதற்கு முன்பே, 1799இல், முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றிவிட்டது. நற்செய்தி கோட்டையைக் கடந்து நாட்டுப்புறத்திற்குச் சென்றுவிட்டது.

1881ஆம் ஆண்டு கால்டுவெல் ஐயர் திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாற்றை எழுதியபோது கிளாரிந்தாவுக்கு உரிய இடத்தை அளித்தார். 1915இல் அ. மாதவையா அவர் பெயரையே தலைப்பாக்கி ஆங்கிலத்தில் ஒரு புதினம் படைத்தார். இவ்வாறு நூல்களில் அவர் வாழ்ந்தார். ஆனால் சபையின் நடைமுறையில் அவருடைய வழிமரபு எங்கே சென்றது? மிஷன்கள் வளர்ந்தன, நிலையங்களும் சம்பளப் பட்டியல்களும் ஏற்பட்டன. ஆயர், உபதேசியார், ஆசிரியர் என்னும் பதவிகள் வகுக்கப்பட்டன. பெண்களுக்குக் கிடைத்தவை 'ஆயரம்மா' என்னும் உறவுப் பெயரும், வீடு வீடாகச் சென்று கற்பித்த 'பைபிள் உமன்' பணியுமே. அப்பணி சிறிதன்று, ஆண் ஊழியர் நுழைய முடியாத வீடுகளுக்குள் திருமறை சென்றது அப்பெண்களின் கால்களால்தான். ஆனால் அவர்கள் அறிக்கைகளில் எண்ணிக்கையாக நின்றனர். பெயராக நின்றது அரிது.

காலக் கணக்கு ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தமிழருள் முதன்முதல் புரட்டஸ்தாந்து குருவாக ஆரோன் தரங்கம்பாடியில் அருட்பொழிவு பெற்றது 1733இல். தென்னிந்தியத் திருச்சபையில் முதற்பெண்ணாக எலிசபெத் பால் அருட்பொழிவு பெற்றது 1976இல். இடையே 243 ஆண்டுகள். 2013இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்றார். கடவுள் பெண்களை அழைக்கத் தாமதித்தார் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். கிளாரிந்தாவை நினைவில் வைத்திருக்கும் சபை அவ்வாறு சொல்லவே இயலாது. தாமதித்தது அழைப்பு அன்று; அழைப்பை ஒப்புக்கொள்ளுதலே.

திருமறை இதில் நமக்கு வழி காட்டுகிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை வாழ்த்துப் பட்டியல் என்று நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அப்பட்டியலின் முதற்பெயர் பெபேயாள்; கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. அடுத்து வருவது பிரிஸ்கில்லாள். கணவனின் பெயருக்கு முன்னே அவள் பெயர். பிலிப்பி சபையோ, இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீட்டில் ஒன்றுகூடியது. பவுல் பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு நிறுத்தவில்லை. பெயரை எழுதினார், பணியை எழுதினார். அதனால் இன்றும் நாம் அவர்களை அறிந்திருக்கிறோம்.

இக்கட்டுரைக்காகக் குறிப்புகளைத் தேடியபோது, செய்யூர்ப் பகுதியில் நாம் பணியாற்றிய ஆண்டுகளில் எழுதிய அறிக்கைகளின் படிகள் கைக்கு அகப்பட்டன. அச்சிற்றூரைக் குறித்து நாம் எழுதியிருந்தது ஒரே வரி: ஞாயிறு ஆராதனை ஒழுங்காக நடைபெற்று வருகிறது என்பதே அது. நடத்தியவர் யார்? எழுதவில்லை. சபைக் குழுவின் உறுப்பினர் பட்டியலும் அதனுடன் இருந்தது. அதிலும் அத்தாயாரின் பெயர் இல்லை. எவரும் அவரை வெறுத்து நீக்கவில்லை. எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அப்பட்டியலின் அடியிலுள்ள கையெழுத்து நம்முடையது. 1780இல் பாளையங்கோட்டையார் செய்ததை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் செய்யத் தவறினோம். இதை வெட்கத்துடன் அறிக்கை செய்கிறோம்.

ஆதலால் உடன் ஊழியருக்கும் இறையியல் மாணவருக்கும் நம் வேண்டுகோள் இதுவே. ஆண்டுக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு கொண்டாடி, அன்று அவர்களைப் பிரசங்க பீடத்தில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடாது. உங்கள் சேகரத்தில் ஆராதனை நடத்தும் பெண் யார், நோயாளரைச் சந்திக்கும் பெண் யார், ஞாயிறு பள்ளியைத் தாங்கும் பெண் யார் எனக் கேட்டு, அவர்கள் பெயரை அறிக்கையில் எழுதுங்கள். சபைக் குழுவில் அவர்களுக்கு இடம் அளியுங்கள். பயிற்சிக்கு அனுப்புங்கள், பயணச் செலவைச் சபை ஏற்கட்டும். அருட்பொழிவுக்கு அழைப்புணர்வு உள்ள பெண்ணிடம், குடும்பச் சூழ்நிலை என்ன, இரவில் எவ்வாறு பயணம் செய்வாய் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், ஆணிடம் கேட்பதுபோல் அழைப்பைப் பற்றியும் கேளுங்கள்.

அண்மையில் அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். அத்தாயார் முதுமையடைந்துவிட்டார்; உப்பளத்திற்குப் போவதில்லை. ஆனால் மாலை மணி இன்னும் ஒலிக்கிறது. அன்று திருமறை வாசித்த சிறுமி இன்று ஆராதனை நடத்துகிறாள். கிளாரிந்தாவின் வரலாற்றைச் சொல்லி முடித்தபோது அத்தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்ப, ஆள் இல்லாததால இல்ல, ஐயா" என்றார். இல்லை, அம்மா. ஆண்டவர் அழைத்ததால்தான். அதை ஏட்டில் எழுதுவது இனி நம் பொறுப்பு.