இரண்டு பெயர் வைஃபை பிறந்த கதை

தேக்கா சந்தையை ஒட்டி நிற்கும் வீவக புளோக்குகளில் ஏதாவது ஒரு மாடியில் நின்று கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே வீட்டுக்காரர் இரண்டு பெயரில் வருவார். ஒன்றின் வாலில் 2.4 என்று இருக்கும், இன்னொன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். கைபேசி நிறுவனங்கள் விற்கும் 5ஜிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது வெறும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. யாரும் ஆசைப்பட்டு இப்படிப் பிரித்து வைப்பதில்லை. சாமி மாடத்தில் மாட்டிய ஸ்மார்ட் பல்போ, தீபாவளிச் சரவிளக்குக்கு வாங்கிய ஸ்மார்ட் பிளக்கோ ரூட்டரோடு சேர மறுத்திருக்கும். கடைக்காரர் சொல்லியிருப்பார், “2.4ஐத் தனியாகப் பிரித்துவிட்டால் சேர்ந்துவிடும் அண்ணே.” பிரித்திருப்பார்கள். சேர்ந்திருக்கும். அதோடு ஏன் என்ற கேள்வியும் முடிந்திருக்கும்.

அந்த ஏனுக்கு விடை தேடினால் 1947க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய அனைத்துலக வானொலி மாநாடு, கப்பலுக்கு இவ்வளவு, விமானத்துக்கு இவ்வளவு, ஒலிபரப்புக்கு இவ்வளவு என்று அலைவரிசைகளைப் பங்குபோட்டது. 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டைத் தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு என்று ஒதுக்கியது. அவை செய்தி அனுப்பும் கருவிகள் அல்ல, சூடாக்கும் கருவிகள். ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மைக்ரோவேவ் அடுப்பு பின்னாளில் வந்து உட்கார்ந்ததும் இந்தத் துண்டில்தான். அடுப்பு இரையும் இடத்தில் யார் போய்ப் பேசுவார்கள்? ஊருக்கு வெளியே கிடக்கும் புறம்போக்கு போல அது கிடந்தது.

1985 மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தப் புறம்போக்கைத் திறந்துவிட்டது. இதற்கு உள்ளே இருந்து வாதாடியவர் மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர். உரிமம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் பக்கத்தில் இரைச்சல் என்று புகார் கொடுக்கக் கூடாது. 2.4 மட்டுமல்ல, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு துண்டும், 5.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு துண்டும் சேர்ந்தே திறந்தன. பெரிய வானொலி நிறுவனங்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் ஓடிவந்தவர்களில் ஒருவர் கல்லாப்பெட்டி செய்கிற என்சிஆர். கடைக்குள் கல்லாவை இடம் மாற்றும்போதெல்லாம் வயர் இழுக்க வேண்டியிருந்த தொல்லை அவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிறுவனத்தின் நெதர்லாந்துக் கிளையிலிருந்து வந்த விக் ஹேஸ் தலைமை தாங்கிய தரநிலைக் குழு, 1997இல் வைஃபைக்கு அடித்தளமான 802.11 என்ற தரநிலையை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட்.

இரண்டு பெயருக்கு விதை விழுந்தது 1999இல். அந்த ஆண்டு அதே குழு ஒரே மூச்சில் இரண்டு தரநிலைகளை வெளியிட்டது. ஒன்று 2.4இல் ஓடும், 11 மெகாபிட். இன்னொன்று 5இல் ஓடும், 54 மெகாபிட். வேகத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் அதற்கான சில்லு தாமதமாக வந்தது, விலையும் கூட. சந்தை மலிவானதைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிள் மடிக்கணினியில் ஏறிய வைஃபையும் அந்த 11 மெகாபிட் வகைதான். 5 கிகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் அலுவலகங்களில் ஒதுங்கிக் கிடந்தது. 2009இல் முடிவான 802.11என் தரநிலை இரண்டிலும் ஓடக்கூடியது. இரண்டையும் ஒரே ரூட்டருக்குள் வைப்பது அதோடுதான் பரவலானது. ஒரு பெட்டிக்குள் இரண்டு வானொலி. எனவே இரண்டு பெயர்.

அலையின் இயல்பையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5இன் அலை அதில் பாதிக்கும் குறைவு. 5இல் அகலமான சேனல்களுக்கு இடம் உண்டு, அதனால் நிறையத் தரவைச் சுமக்கும். ஆனால் குட்டை அலை கான்கிரீட்டில் சீக்கிரம் தேய்ந்துபோகும். சிங்கப்பூர் வீடுகளில் இது புத்தகப் பாடம் அல்ல. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இரும்புக் கதவும் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் சுவருமாக ஒரு பாம் ஷெல்டர் இருக்கிறது. அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் வைக்கும் அந்த அறைக்குள், வயர் கண்ணில் படக் கூடாது என்று ரூட்டரையும் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு கடைசிப் படுக்கையறையில் 5 வரவில்லை என்று வருத்தப்படுவார்கள். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் வேறு தினுசு. முகப்பு குறுகல், நீளமோ உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முன்னால் கல்லாவில் 5 பறக்கும், பின்கட்டு அடுப்படிக்கு 2.4தான் வந்துசேரும்.

இனி பல்பின் பக்கம். இங்கேதான் கதை சிங்கப்பூருக்குள் வருகிறது. தியோ சுவீ ஆன் சிங்கப்பூர்க்காரர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். சில சில்லு நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு 2008இல் ஷாங்காயில் எஸ்பிரெசிஃப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2014இல் அவர்கள் இஎஸ்பி8266 என்ற சில்லை வெளியிட்டார்கள். அதைத் தாங்கி, தபால்தலை அளவிலான ஒரு பலகை அந்த ஆகஸ்ட் மாதம் இணையக் கடைகளில் வந்தது. விலை ஐந்து அமெரிக்க வெள்ளிக்குள். அதுவரை ஒரு சாதனத்துக்கு வைஃபை கொடுப்பது பல மடங்கு செலவுள்ள வேலை. ஆவணங்கள் பெரும்பாலும் சீனத்தில்தான் இருந்தன. உலகெங்கும் இருந்த கைவேலைப் பிரியர்கள் அவற்றை மொழிபெயர்த்து, நோண்டி, அதற்குள் தங்கள் நிரலை ஏற்றவும் கற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ‘அறிவார்ந்த தேசம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அரசு மேடையில் பேசப்பட்ட அறிவார்ந்த வீடு நம் வீட்டுக் கூரையில் மலிவு விலை பல்பாக வந்து தொங்கியதற்கு, இந்த மாதிரிச் சில்லுகள்தான் காரணம்.

விலையை எப்படிக் குறைத்தார்கள்? எவையெல்லாம் இல்லாமல் முடியுமோ அவற்றை விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதில் ஒன்று 5 கிகாஹெர்ட்ஸ். அதைச் சேர்த்தால் தனி அலைச்சுற்று, தனிப் பெருக்கி, இரண்டுக்கும் பொருந்தும் ஆண்டெனா என்று செலவு ஏறும். ‘எரி’, ‘அணை’ என்ற சொல் போய்ச் சேர சில பைட் போதும். அதற்கு எதற்கு வேகம்? மேலும் பல்பு எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். கழிவறையில், பால்கனியில், அலமாரிக்குப் பின்னால். அங்கெல்லாம் போய்ச் சேருவது 2.4தான். பின்னால் வந்த பேக்கன், ரியல்டெக் நிறுவனங்களின் மலிவு விலைச் சில்லுகளில் பெரும்பாலானவையும் இதே வழியில் போயின. ஆகவே பல்பு ரூட்டரின் 5ஐப் பார்த்து முரண்டு பிடிப்பதில்லை. அதன் கண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, பல்பு 2.4ஐ மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், ரூட்டர் இரண்டிலும் ஒரே பெயரில் இருக்கட்டும், என்ன கெட்டுப்போயிற்று? அன்றாட ஓட்டத்தில் ஒன்றும் கெடுவதில்லை. தகராறு சேர்க்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான். பல்புக்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. வீட்டுக் கடவுச்சொல்லை அதனிடம் எப்படிச் சொல்வது? டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ‘ஸ்மார்ட் கான்ஃபிக்’ என்று ஒரு வழி கண்டது. எஸ்பிரெசிஃப் தன் பங்குக்கு ‘இஎஸ்பி டச்’ என்று வைத்தது. இரண்டிலும் சூட்சுமம் ஒன்றுதான், அழகான சூட்சுமம். கைபேசி ரூட்டர் வழியாகத் தரவுப் பொட்டலங்களை வீசுகிறது. அவை பூட்டப்பட்டவை, சாவி இல்லாத பல்பால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பொட்டலமும் எத்தனை பைட் நீளம் என்பதைப் பூட்டு மறைப்பதில்லை. அந்த நீளத்தையே எழுத்தாக்கிவிட்டார்கள். இந்த நீளம் வந்தால் இந்த எழுத்து, அந்த நீளம் வந்தால் அந்த எழுத்து. வேகமாக மின்னிக்கொண்டிருக்கும் பல்பு, காற்றில் போகும் பொட்டலங்களின் நீளத்தை அளந்து அளந்து நம் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கூட்டிப் படித்துக்கொள்கிறது.

ஒட்டுக்கேட்டால்தான் படிக்க முடியும். கைபேசி 5இல் இருந்து பேசினால் 2.4இல் காதை வைத்திருக்கும் பல்புக்கு அந்தப் பேச்சு கேட்காமலே போகலாம். செயலி நூறு வரை எண்ணி ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்று கையை விரிக்கும். ‘ஏபி முறை’ என்ற மாற்று வழி உண்டு. பல்பே ஒரு குட்டி வைஃபையைக் கிளப்பும், கைபேசி அதில் போய்ச் சேர்ந்து கடவுச்சொல்லைக் கொடுக்கும். அங்கே வேறு வில்லங்கம்: ‘இதில் இணையம் இல்லை’ என்று கைபேசி பாதியில் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும்.

2016 வாக்கில் மெஷ் ரூட்டர்கள் வந்து நிலைமையை இன்னும் இறுக்கின. ஈரோ, கூகல் வைஃபை போன்றவை வீட்டுக்கு ஒரே பெயர்தான் என்று முடிவுகட்டின. எந்த அலைவரிசைக்குப் போவது என்பதை இனி நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், பெட்டி பார்த்துக்கொள்ளும். கைபேசி 2.4இல் கூப்பிட்டால் ரூட்டர் கேளாதது போல இருந்து 5இல் மட்டும் பதில் சொல்லி அதை மேலே தள்ளும். கைபேசிக்கு அது நல்லது. ஒரு புளோக்கில் அத்தனை வீட்டு ரூட்டர்களும் 2.4இல் ஒன்றோடொன்று மோதாத மூன்றே சேனல்களுக்கு அடித்துக்கொள்கின்றன. மேலே இடம் தாராளம். ஆனால் கூகல் வைஃபையில் அலைவரிசையைப் பிரிக்கும் வசதியே கிடையாது. ஈரோ, புகார்கள் குவிந்தபின், 5ஐச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்றைக் கொடுத்தது. பொத்தான் இல்லாதவர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். கைபேசியோடு நடைபாதையின் கோடிக்கு, மின்தூக்கி வரைக்கும் நடந்துபோனால் 5 அறுந்து கைபேசி தானே 2.4க்கு இறங்கிவிடும். பல்பு வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். அது கேட்பது ரூட்டரின் குரலை. மின்தூக்கிக்குப் பக்கத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், வீடு முழுவதையும் நிரந்தரமாக இரண்டாகப் பிரிப்பது இன்று காலம் கடந்த வைத்தியம். 2024இல் சான்றிதழ் பெறத் தொடங்கிய வைஃபை 7, பல அலைவரிசைகளை ஒரே இணைப்பாகக் கோத்துப் பேசும் வசதியோடு வந்திருக்கிறது. பெயர்களைப் பிரித்தால் காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி வீண். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியை வைஃபைக்குத் திறந்துவிட்டிருக்கிறது. 10 கிகாபிட் இணையத்துக்காக 10 கோடி வெள்ளி வரை செலவிடுவதாக 2024இல் அரசு அறிவித்தது. அவ்வளவையும் ஒரு பல்புக்காகக் கூறுபோட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. முதன்மைப் பெயர் ஒன்றாகவே இருக்கட்டும். பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் வைஃபை இருக்கிறது, சிலவற்றில் இந்த மாதிரிச் சாதனங்களுக்கென்றே ஐஓடி வைஃபை என்று தனியாக இருக்கிறது. அதை 2.4இல் மட்டும் ஓடவிட்டு, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வைத்து, பல்பு, பிளக், மின்விசிறி எல்லாவற்றையும் அங்கே குடியேற்றுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்றால் பழைய பல்புகள் சேராது. சேர்க்கும்போது கைபேசியும் அந்தப் பெயரில் இருக்க வேண்டும், பிறகு முதன்மைப் பெயருக்குத் திரும்பிவிடலாம். பல ரூட்டர்களில் விருந்தினர் வைஃபை சாதனங்களை ஒன்றையொன்று பார்க்கவிடாது. ஆகவே ஐஓடி வசதி இருந்தால் அதுவே உத்தமம். இதில் பாதுகாப்பும் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த கடவுச்சொல்லோடு ரூட்டர் விற்கக் கூடாது என்ற நிபந்தனை சிங்கப்பூரில் 2021 ஏப்ரலில் நடப்புக்கு வந்துவிட்டது. பெயர் தெரியாத கம்பெனி பல்புகள் எல்லாவற்றுக்கும் அப்படிக் கடிவாளம் இல்லை. வங்கிச் செயலி இருக்கும் கைபேசியோடு அவை ஒரே அறையில் இருக்க வேண்டாம்.

இந்தத் தொல்லை தீரும் காலமும் தெரிகிறது. 2022 அக்டோபரில் வெளியான, ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களுக்கான மேட்டர் தரநிலையில் சாதனத்தைப் பெரும்பாலும் புளூடூத் வழியாகச் சேர்க்கிறார்கள். கைபேசி எந்த அலைவரிசையில் இருந்தாலும் கவலையில்லை. எஸ்பிரெசிஃப் தன் முதல் இரட்டை அலைவரிசைச் சில்லான இஎஸ்பி32-சி5ஐ 2022இல் அறிவித்தது, பெருமளவு உற்பத்திக்கு வந்தது 2025இல். ஆனால் கூரையில் ஏற்கெனவே தொங்குகிற பல்பு இன்னும் பல வருடம் எரியும்.

எனவே ஒன்று செய்யுங்கள். இணைய ஒப்பந்தம் முடிந்து புது ரூட்டர் வீட்டுக்கு வரும் நாளில், பழைய 2.4இன் பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்துகூட மாறாமல் புதியதில் போடுங்கள், பாதுகாப்பு முறையையும் பழையபடியே வையுங்கள். ஒரு பல்பையும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்காது.